மழை நாளில் செயிண்ட் எமிலியோன் போகலாமா? தாராளமாகப் போங்கள்

அக்டோபர் கடைசியில் பிரான்சின் போர்தோ நகரில் மூன்று நாள் தங்குகிறோம், அதில் ஒரு நாளைப் பக்கத்து ஒயின் ஊரான செயிண்ட் எமிலியோனுக்கு ஒதுக்கியிருந்தோம், அன்றைக்குப் பார்த்து காலையிலிருந்து இரவு வரை மழை என்று காட்டுகிறது, கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் யாரும் பெரிதாக ஒயின் குடிக்கிறவர்கள் இல்லை, போவதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். நான் போர்தோவில் வசிப்பவன், வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் அந்த ஊருக்கு அழைத்துப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மழைக்குப் பயந்து விட்டுவிடக் கூடாத ஊர் அது. காரணம் எளிது: அங்கே பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

பிரான்சில் மற்ற பல ஒயின் ஊர்களில் மழை வந்தால் ஒரு ஓட்டலுக்குள் உட்கார்ந்து சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செயிண்ட் எமிலியோன் அப்படி இல்லை. முழு ஊரும் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காக அந்த மேட்டைக் குடைந்து கல் எடுத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் போர்தோ நகரம் செழித்தபோது எழுந்த பெரிய கட்டிடங்களுக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. அப்படி வெட்டிய சுரங்க வழிகளை எல்லாம் சேர்த்தால் 200 கிலோமீட்டர் வரும் என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் நடக்கிற தெருவுக்குக் கீழே, தேவாலயத்துக்குக் கீழே, திராட்சைக் கொடிகளுக்குக் கீழே எல்லாம் வெற்றிடம். அதில் ஒரு பகுதியில் இப்போது ஒயின் பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது குடைவரைத் தேவாலயம். ஒரே பாறையை உள்ளே குடைந்து, சுமார் 38 மீட்டர் நீளத்துக்கும் 12 மீட்டர் உயரத்துக்கும் ஒரு கூடம் செய்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் கடைசி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் சொல்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய பாறைச் சுவரில் சில சன்னல்களும் ஒரு வாசலும் மட்டும் தெரியும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகுதான் அளவு புரியும். அதன் தலைக்கு மேலேயே 68 மீட்டர் மணிக்கோபுரத்தைப் பின்னாளில் கட்டி வைத்துவிட்டார்கள். அந்தக் கோபுரத்தின் மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் கல் தூண்களில்தான் இறங்குகிறது. சுண்ணாம்புக்கல்லோ ஈரத்தை உறிஞ்சும் கல், ஈரம் ஏற ஏற பலம் குறையும். அதனால் நடுத்தூண்களைச் சுற்றி எஃகுப் பட்டைகள் கட்டி இறுக்கியிருக்கிறார்கள். சில பேர் அதைப் பார்த்ததும் அழகு கெட்டுவிட்டதே என்பார்கள். எனக்கு அந்தப் பட்டைகள்தான் அந்த இடத்தின் முக்கியமான பாடம் என்று தோன்றும். மழை பெய்கிற நாளில் அந்தக் கூடத்தில் நின்று, ஈரம் கோத்த சுவரைப் பார்த்துவிட்டுத் தூணைப் பாருங்கள், ஏன் பட்டை போட்டார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தேவாலயத்துக்குள் நாமாகப் போக முடியாது. சுற்றுலா அலுவலகம் நடத்தும் வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், முக்கால் மணி நேரம் போல ஆகும். மழை நாளில் எல்லோருக்கும் இதே யோசனை வரும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் இந்த நேரத்தைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

அதே சுற்றில் எமிலியோன் துறவியின் குகையையும் காட்டுவார்கள். 8ஆம் நூற்றாண்டில் பிரித்தானி பகுதியிலிருந்து வந்து இங்கே தங்கிய துறவி அவர், ஊருக்கே அவர் பெயர்தான். ஏழைகளுக்காக ரொட்டியை அங்கிக்குள் மறைத்து எடுத்துப்போகும்போது எஜமான் பிடித்துவிட, ரொட்டி விறகுக் கட்டையாக மாறிவிட்டது என்று ஒரு கதை உண்டு. குகைக்குள் பாறையில் குடைந்த ஓர் இருக்கை இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் குழந்தைப் பேறு கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பற்றி சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். உங்கள் அம்மாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். குகைக்கு மேலே இருக்கும் திரித்துவச் சிற்றாலயத்தில் பழைய சுவர் ஓவியங்கள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்த இடத்தைப் பீப்பாய் செய்கிறவர்கள் பட்டறையாக வைத்திருந்தார்கள், பீப்பாய்ப் பலகையை வளைக்க மூட்டிய தீயின் கரி சுவரெல்லாம் படிந்து, அந்தக் கரியே ஓவியங்களைக் காப்பாற்றிவிட்டது. குடைவரைத் தேவாலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புரட்சிக் காலத்தில் வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுக்க அதைப் பயன்படுத்தியதில் அங்கிருந்த ஓவியங்கள் பெரும்பாலும் போய்விட்டன.

இப்போது முழங்கால் விஷயம், இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊரின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையே ஓடும் செங்குத்தான சந்துகள் சில இருக்கின்றன, உருண்டைக் கற்கள் பதித்தவை, காய்ந்த நாளிலேயே வழுக்கும். மழையில் அவை ஆபத்து. சிலவற்றில் நடுவே கைப்பிடிக் கம்பி உண்டு, என்றாலும் முழங்கால் வலி இருப்பவரை அதில் இறக்காதீர்கள். சற்றுச் சுற்றிப் போகிற, சரிவு குறைந்த தெருக்களும் இருக்கின்றன, பத்து நிமிடம் கூட ஆனாலும் அதில் போங்கள். சுற்றுலா அலுவலகம் மேல் பகுதியில், மணிக்கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கேட்டால் எந்தத் தெரு வழியாகக் கீழே போனால் நல்லது என்று வரைபடத்தில் குறித்துத் தருவார்கள். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு மேல், ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், சந்தில் இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். செருப்போ, தோல் அடிப்பாகம் வைத்த ஷூவோ வேண்டவே வேண்டாம்.

போகிற வழி: போர்தோ செயின்ட் ஜான் ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில், முக்கால் மணிக்குள் கொண்டுபோய் விடும். ஆனால் ரயில்கள் அடிக்கடி கிடையாது, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் காத்திருக்க நேரும். அதோடு இறங்குகிற நிலையம் ஊருக்குள் இல்லை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது, அங்கிருந்து ஊருக்கு இருபது நிமிட நடை, கடைசியில் ஏற்றம். வெயில் நாளில் அந்த நடையே ஒரு சுகம். மழையில் அம்மாவோடு வேண்டாம். நிலைய வாசலில் டாக்ஸி நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முந்தின நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் வழியில் வரும் லிபூர்ன் என்ற ஊரில் இறங்கி அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம், அது கொஞ்சம் பெரிய நிலையம், ஊரும் சில கிலோமீட்டர் தொலைவுதான்.

ஒயின் குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். என் பார்வையில் அந்த ஊரின் ஒயின் கதையே மழையின் கதைதான், அதைக் கேட்கக் கோப்பை கையில் இருக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் வழக்கமாகக் கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள், இந்த ஒயினுக்கான விதிகளும் அதை எளிதில் அனுமதிப்பதில்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழைதான் எல்லாம். குளிர்காலம் முழுவதும் பெய்கிற மழையை மேட்டின் சுண்ணாம்புக்கல் குடித்து வைத்துக்கொள்கிறது. மண்பானைச் சுவர் ஈரத்தைப் பிடித்து மெல்லக் கசியவிடுவதைப் போல, ஆகஸ்டில் மேல்மண் காய்ந்து கிடக்கும்போது பாறை அந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடுகிறது, பாறை வெடிப்புக்குள் இறங்கிய வேர் அதை எடுத்துக்கொள்கிறது. நிலவறைக்குள் போகும்போது கூரையைப் பாருங்கள், சில இடங்களில் மேலே இருக்கும் கொடியின் வேர் பாறை வழியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் அதே மழை தப்பான நேரத்தில் வந்தால் வருடமே போச்சு. ஜூன் மாதம் பூக்கும் சமயத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்காது, இங்கே அதிகம் பயிராகும் மெர்லோ திராட்சைக்கு இந்தப் பலவீனம் கூடுதல். பழுக்கிற நேரத்தில் பெய்தால் பழம் நீர்த்துப்போகும், அழுகல் பிடிக்கும். மெர்லோ சீக்கிரம் பழுக்கிற வகை, அக்டோபர் மழை வலுப்பதற்குள் பெரும்பாலும் பறித்து முடித்துவிடலாம், குளிர்ச்சியான களிமண்ணிலும் சுண்ணாம்பு நிலத்திலும் அது நன்றாகப் பழுத்துவிடும். ஆற்றின் இந்தக் கரையில் மெர்லோ முதலிடத்தில் இருப்பதற்கும், அதற்குத் துணையாகக் கபெர்னே ஃபிரான் இருப்பதற்கும், கபெர்னே சோவிஞ்ஞோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெதோக் பகுதியின் சரளை நிலத்தில் கோலோச்சுவதற்கும் இதுவும் ஒரு காரணம். நீங்கள் போவது அறுவடை முடிந்த சமயம், ஆகவே அன்றைய மழை யாருக்கும் நஷ்டம் இல்லை. பாறைக்கு அது அடுத்த வருடத்துச் சேமிப்பு.

வசந்தத்திலும் கோடையிலும் பெய்கிற மழை கொடிக்குக் கொண்டுவரும் முக்கிய எதிரி அடிச்சாம்பல் நோய். இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்து, கொத்தையே கருக்கிவிடும். 1880களில் போர்தோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மியார்தே, மெதோக் பக்கம் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பசுமையாக நிற்பதைக் கவனித்தார். வழியே போகிறவர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, விஷம் போலத் தெரியட்டும் என்று மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அதிலிருந்து சோதனை செய்து 1885இல் அவர் வெளியிட்டதுதான், நம் ஊர் வேளாண் அலுவலர்கள் தென்னைக்கும் பாக்குக்கும் வெற்றிலைக் கொடிக்கும் இன்றுவரை எழுதிக்கொடுக்கிற போர்டோக் கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்று கணக்குச் சொல்வார்களே, அதேதான். அதன் பெயரில் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லுங்கள், தோட்டம் வைத்த குடும்பமாக இருந்தால் உடனே பிடித்துக்கொள்வார். இப்போது தாமிரம் மண்ணில் தங்கிவிடுகிறது என்று கட்டுப்பாடு வந்துவிட்டது, ஐரோப்பாவில் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மழை அதிகமான வருடத்தில் இயற்கை விவசாயம் செய்கிற தோட்டக்காரர்கள் படுகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல, ஒவ்வொரு மழையும் முன்பு தெளித்ததைக் கழுவிவிடும்.

நிலவறை பார்க்க ஏதாவது ஒரு ஷாதோவில், அதாவது ஒயின் தயாரிக்கும் தோட்டத்தில், முன்பதிவு செய்யுங்கள், ஒன்று போதும். மழை நாளுக்கு என் தேர்வு க்ளோ ஃபூர்தே. ஊர்ச் சுவரை ஒட்டி, பெரிய கல்லூரித் தேவாலயத்துக்கு (குருமார் குழுவுக்கான தேவாலயம், கல்விக்கூடம் அல்ல) எதிரேயே இருக்கிறது, நடந்தே போய்விடலாம், கீழே பழைய கல் சுரங்கங்கள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. உள்ளே வருடம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே குளிர்தான், 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் வரிசையாக இருக்கும். அம்மாவுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், படி எத்தனை இறங்க வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுவைக்கத் தரும்போது வாயில் வைத்துத் துப்பலாம், அதற்கென்று தனிக் குவளை இருக்கும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொட வேண்டாம் என்றாலும் சொல்லிவிடலாம், சில இடங்களில் திராட்சைச் சாறு தருவார்கள். கண்டிப்பான சைவர்களுக்கு ஒரு தகவல்: சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது இங்கே பழைய பழக்கம், எல்லோரும் செய்வதில்லை, கேட்டால் சொல்வார்கள்.

யாருக்காவது பரிசாக ஒரு பாட்டில் வாங்குவீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். லேபிளில் 'செயிண்ட் எமிலியோன் கிரான் க்ரூ' என்று இருந்தால் அது தரவரிசை இல்லை, சற்றுக் கடுமையான விதிகளின்படி செய்த ஒயின் என்ற பெயர்தான், நூற்றுக்கணக்கான தோட்டங்கள் போட்டுக்கொள்கின்றன. தரவரிசை என்பது 'க்ளாஸே' என்ற சொல்லும் சேர்ந்தால்தான். 1955இல் தொடங்கிய இந்தப் பட்டியலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். 2022 பட்டியலில் 85 ஷாதோக்கள் இருக்கின்றன, உச்சியில் பாவி, ஃபிஜாக் என்ற இரண்டு மட்டும். ஊரின் மிகப் புகழ்பெற்ற ஓசோன், ஷெவல் பிளான், ஆஞ்ஜெலூஸ் மூன்றும் மதிப்பிடும் முறையோடும் அதைச் சுற்றிய வழக்குகளோடும் ஒத்துவராமல் தாங்களாகவே வெளியேறிவிட்டன. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஓர் ஒயினைக் குறைவாக நினைக்க வேண்டாம். கையைக் கடிக்காத விலையில் வேண்டுமென்றால் பக்கத்து ஊர்களான மோந்தாஞ், லூசாக், புயிஸ்கேன் பெயர் போட்டவற்றைக் கேளுங்கள், அதே மெர்லோதான், விலை நன்றாகக் குறைவு.

ஒயின் வேண்டாதவர்கள் வாங்க வேண்டியது மக்கரோன். பாரிஸ் கடைகளில் கலர் கலராக, நடுவில் கிரீம் வைத்து விற்பது வேறு. இந்த ஊருடையது 1620இல் இங்கே வந்த உர்சுலின் கன்னிமாரின் செய்முறை என்கிறார்கள், பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மட்டும், மேலே வெடித்து, உள்ளே மெத்தென்று, சுட்ட காகிதத்தோடேயே பெட்டியில் வைத்துத் தருவார்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது. சாப்பாட்டுக்குச் சைவம் தேடுவது கொஞ்சம் சிரமம்தான், ஆனால் அக்டோபர் செப் காளான் சீசன், பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்கித் தருவார்கள், பன்றிக்கொழுப்போ ஹாமோ சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதியம் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மணி தாண்டினால் பல சமையலறைகள் மூடிவிடும், மழையில் அலைய நேரும்.

மழை சற்று விட்டால் உடனே மேல் பகுதிச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். நனைந்த ஓட்டுக் கூரைகளும் அப்பால் தோட்டங்களும் அங்கிருந்து தெரியும், அக்டோபர் கடைசியில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். 1999இல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சுற்றியுள்ள ஏழு கிராமங்களையும் தோட்டங்களோடு சேர்த்து உலகப் பாரம்பரியமாக அறிவித்தது, ஒரு திராட்சைத் தோட்ட நிலப்பரப்புக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை. கல்லூரித் தேவாலயத்தின் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் கூரையோடு இருக்கிறது, நனையாமல் சுற்றலாம், கட்டணம் இல்லை, அம்மா உட்காரவும் இடம் உண்டு. ஃபிரான்சிஸ்கன் துறவிகளின் பழைய மடம் ஒன்று இடிந்த நிலையில் இருக்கிறது, கோர்தெலியே என்று பெயர், அதன் அடியில் இருக்கும் குகைகளில் நுரைக்கும் ஒயின் செய்கிறார்கள்.

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1793இல் பாரிஸில், பிரெஞ்சுப் புரட்சியின் மிதவாதக் குழுவான ஜிரோந்தென் கட்சியினரை ஒழித்துக்கட்டத் தொடங்கியபோது, தப்பியவர்களில் சிலர் இந்த ஊருக்கு வந்து ஒளிந்தார்கள். அவர்களில் ஒருவரான குவாதே இந்த ஊரில் பிறந்தவர். அவருடைய உறவுக்காரப் பெண்மணி மதாம் பூக்கே தன் வீட்டுக் கிணற்றின் வழியாகப் போகிற நிலத்தடி அறையில் அவர்களை மறைத்து வைத்து, ரேஷன் காலத்தில் தன் உணவைப் பங்கிட்டுக் கொடுத்தார். 1794 கோடையில் எல்லாம் வெளிப்பட்டது. குவாதேயும், ஒளிந்திருந்த சால் என்ற மற்றொருவரும் பிடிபட்டு போர்தோவில் தலை வெட்டப்பட்டார்கள், மதாம் பூக்கேவுக்கும் அதே தண்டனைதான். ஊரின் பிரபலங்கள் என்று துறவியையும் ஆங்கில அரசன் ஜானையும் (1199இல் ஊருக்குத் தன்னாட்சி உரிமை கொடுத்தவர்) சொல்கிற கையேடுகள் இந்தப் பெண்மணிக்கு இரண்டு வரி ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்கின்றன, அது எனக்கு எப்போதும் வருத்தம்.

எப்போது போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு வானிலைத் துறை மாவட்ட வாரியாக நிற எச்சரிக்கை வெளியிடும், ஜிரோந்த் மாவட்டத்தைப் பாருங்கள். பச்சை, மஞ்சள் என்றால் கிளம்பலாம். காற்றுக்கோ வெள்ளத்துக்கோ ஆரஞ்சு போட்டிருந்தால் வேண்டாம், ரயில் ரத்தாகி நடுவழியில் நிற்க நேரலாம். அன்றைக்கு போர்தோவிலேயே 2016இல் திறந்த ஒயின் அருங்காட்சியகமான சித்தே து வேனுக்கு டிராமில் போய்விடுங்கள், லிப்ட் இருக்கிறது, தமிழில் இல்லாவிட்டாலும் ஆங்கிலத்தில் கேட்கும் கருவி தருவார்கள், எட்டாவது மாடியில் ஊரைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பை ஒயின் டிக்கெட்டோடு சேர்த்தி, வேண்டாம் என்பவர்களுக்குத் திராட்சைச் சாறு. செயிண்ட் எமிலியோன் முன்பதிவுகளை அடுத்த நாளுக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் முதல் நாள் மாலைக்குள் கேட்டுவிடுங்கள்.